ஒரு தடவை வந்தால் மறுபடி வராதா?

கேள்வி: டாக்டர் ஐயா, போன ஐப்பசியில் என் மகனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்தோம். இந்த மழைக்கு எங்கள் தெருவில் மறுபடி நாலைந்து பேருக்கு டெங்கு. "அம்மை மாதிரிதான், ஒரு தடவை வந்த உடம்புக்கு இனி வராது" என்கிறார் என் மாமியார். நம்பி இருக்கலாமா?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: அம்மையைப் பற்றி உங்கள் மாமியார் சொல்வது சரிதான் அம்மா. 1846-இல் வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, பீட்டர் பானும் என்ற டென்மார்க் டாக்டர் வீடு வீடாகப் போய் விசாரித்தார். அதற்கு முன் அங்கே அது பரவியது 1781-இல். அப்போது சிறுபிள்ளையாக அம்மை கண்டு பிழைத்த முதியவர்களை 65 வருஷம் கழித்தும் அது தொடவில்லை. சின்னம்மையும் பெரும்பாலும் ஒரு தடவைதான். ஆனால் அந்தக் கிருமி நரம்புக்குள் பதுங்கியிருந்து, வயதான பிறகு அக்கியாகக் கிளம்பலாம். அக்கிக்குக் காவி எழுதிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன்.

டெங்கு அப்படி இல்லை. அதில் நான்கு வகை உண்டு. உங்கள் மகனுக்கு வந்த வகை ஆயுளுக்கும் திரும்பாது. மற்ற மூன்றுக்கு எதிராகக் கிடைத்த பாதுகாப்போ சில மாதம்தான். ஒரு வருஷம் ஆகிவிட்டதே! அது மட்டுமில்லை, பழைய எதிர்ப்புப் பொருள் புது வகைக் கிருமியின் மேல் ஒட்டிக்கொள்ளும், அதைக் கொல்லாது. மாறாக, அந்தக் கிருமி செல்லுக்குள் நுழையவே வழி செய்துவிடும். அதனால்தான் இரண்டாவது டெங்கு கடுமையாக வாய்ப்பு அதிகம். பையனுக்குக் காய்ச்சல் வந்தால் எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக "போன வருஷம் டெங்கு வந்தது" என்று சொல்லுங்கள், பழைய ரிப்போர்ட்டையும் காட்டுங்கள். இரண்டாவது தடவையில், டெங்குவைக் கண்டறியும் என்எஸ்1 ரத்தப் பரிசோதனை நோய் இருந்தும் 'இல்லை' என்று காட்டக்கூடும். அதை வைத்து நிம்மதி ஆகிவிடாதீர்கள்.

நான் பார்க்கும் குடும்பங்களில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணு எத்தனை என்பதுதான் பெரிய கவலை, பப்பாளி இலைக்கு அலைகிறார்கள். உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதால்தான் வருகிறது, அதுவும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில். "சூடு விட்டுடுச்சு" என்று அன்றைக்கே ஸ்கூலுக்கு அனுப்பாதீர்கள். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இதில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரியானாலும் தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிவந்துவிடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் எடைக்கு ஏற்ற அளவில். உடம்பு வலிக்கிறது என்று ஊசி போடச் சொல்லிக் கேட்காதீர்கள். சில வலி மருந்துகள் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

அப்புறம் உங்கள் வீட்டு டிரம். குழாயில் தண்ணீர் தினமும் வராத ஊரில் பிடித்து வைக்காமல் முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு டிரம்மின் உள்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரியும். வாரம் ஒரு தடவை பிரஷ்ஷால் அந்தச் சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்துவிட்டு, பிறகு நிரப்பித் துணி கட்டி மூடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களையும் அதே நாளில் செய்யச் சொல்லுங்கள்.