ஆறிய புண்

அன்புள்ள ஐயா,

நான் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. 16, 17 வயதுப் பிள்ளைகளுக்குப் பால்வினை நோய்த் தடுப்பு பற்றி வகுப்பெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசலாமா? இந்த வயது சரிதானா? சொல்லிக் கொடுத்தால் நாமே தூண்டிவிட்டதாகாதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நோய் முற்றியவர்களின் படங்கள் சிலவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். பார்த்தால் குலை நடுங்கும். நாலு நாள் தூக்கம் போனாலும் பரவாயில்லை, பயம் இருந்தால் தப்பு செய்ய மாட்டார்கள் என்பது என் எண்ணம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் பழைய நண்பன் ஒருவனோடு இதைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். பெயர் சொல்லாமல் எழுதிக்கொள் என்று அவனே சொன்னான். அதற்கு வருகிறேன்.

சேர்த்தா, தனியாகவா என்பது உங்கள் விருப்பம். எப்படி உட்கார வைத்தாலும் எல்லோருக்கும் ஒரே பாடத்தைச் சொல்லுங்கள். வயது? தேவை வருவதற்கு முன்னால், அவ்வளவுதான். பாலுறவில் பரவி, பின்னால் கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ் எச்.பி.வி. அதற்கான தடுப்பூசியைப் பெண்குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ‘எதுக்கும்மா இந்த ஊசி’ என்று குழந்தை கேட்கும்போதே பாடம் தொடங்கிவிடுகிறது. பெற்றோரின் பயத்துக்கும் பதில் இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில், பாலியல் கல்வி பிள்ளைகளை உறவில் சீக்கிரம் இறக்கிவிடுவதில்லை என்று தெளிவாகவே இருக்கிறது. அவர்களிடம் அதைச் சொல்லுங்கள்.

அந்தப் படங்கள்தான் எனக்குக் கோபத்தை உண்டாக்குகின்றன. உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நீங்கள் செய்யப்போவது தவறு.

என் நண்பனும் நானும் விடுதியில் ஒரே அறை. இருவருக்கும் இருபது வயது. ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னான், பிறப்புறுப்பில் ஒரு புண் இருக்கிறது என்று. சட்டைப் பொத்தான் அளவுதான். வலி இல்லை, அரிப்பு இல்லை. ஏதோ களிம்பு வாங்கிப் போட்டான். ஒரு மாதத்தில் தடம் தெரியாமல் ஆறிவிட்டது. ‘பார்த்தியா, ஒண்ணுமில்ல’ என்றேன். அதைச் சொன்னவன் நான்தான். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி, மேசை விளக்கடியில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான். செம்பு நிறத்தில் திட்டுத்திட்டாகப் புள்ளிகள். பாதத்திலும் அப்படியே. மறுநாள் ஒரு மருத்துவரிடம் போனான். அவர் கேட்ட முதல் கேள்வி, ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற குரலில். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டான். பரிசோதனைக்குப் போகவே இல்லை. புள்ளிகளும் தாமாக மறைந்தன.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. தெரிந்தவர் ஒருவரின் அறுவை சிகிச்சைக்கு ரத்தம் கொடுக்கப் போனான். ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். சிஃபிலிஸ். முதல் புண் வந்தபோதே போயிருந்தால் ஒரு பென்சிலின் ஊசியோடு முடிந்திருக்கும். இப்போது வாரம் ஒன்றாக மூன்று வாரம். அது பெரிய கஷ்டமில்லை. இடைப்பட்ட இரண்டு வருஷத்தில் மூளையையோ இதயத்தையோ தொட்டிருந்தால்? 1943இலேயே பென்சிலினால் இந்த நோயைக் குணப்படுத்திக் காட்டிவிட்டார்கள். மருந்து எப்போதோ தயார். அவன்தான் அதனிடம் போகமுடியாமல் நின்றான்.

இப்போது உங்கள் படங்களை யோசித்துப் பாருங்கள். அவனுக்கு அவற்றைக் காட்டியிருந்தால் என்ன நினைத்திருப்பான்? ‘எனக்கு அப்படி இல்லையே, அப்போ இது அந்த நோய் இல்லை.’ படம் கற்றுக்கொடுப்பது அதைத்தான். நோய் என்றால் அழுகும், நாறும், வலிக்கும் என்று. இந்தத் தொற்றுகள் அப்படி வருவதில்லை. கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது, சிலருக்கு உள்ளே கருக்குழாய் பாதிக்கப்பட்டு, பின்னால் குழந்தைக்கு ஏங்கும்போதுதான் தெரியவரும். கொனோரியாவும் பெண்களிடம் பல நேரம் சத்தமில்லாமல் இருக்கும். எச்.ஐ.வி. வருஷக்கணக்கில் ஒளிந்திருக்கும். கிளமிடியா, கொனோரியா, சிஃபிலிஸ், ட்ரைக்கோமோனியாசிஸ் ஆகிய நான்கில் மட்டும் 2020இல் உலகம் முழுக்கப் புதிதாக 37 கோடியே 40 லட்சம் தொற்றுகள் ஏற்பட்டன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நான்குமே மருந்தால் குணமாகக்கூடியவை. வலிக்கவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. ஆறிவிட்டது என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு மணி நேர வகுப்பில் இந்த இரண்டையும் பத்துத் தடவை சொன்னாலும் தகும்.

அப்புறம் அந்தச் சொல். ‘பால்வினை நோய்’. உருவாக்கியவர் வினை என்பதைச் செயல் என்ற பொருளில்தான் வைத்திருப்பார். ஆனால் ‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’ என்று கேட்டு வளர்ந்த காதில் அது எப்படி விழும்? செய்தாய், அனுபவி என்றுதான் விழும். கருவிலேயே தாயிடமிருந்து சிஃபிலிஸ் வாங்கிப் பிறக்கிற குழந்தை எந்த வினையை விதைத்தது? கட்டிய கணவனைத் தவிர யாரையும் அறியாத பெண்ணுக்கு வந்தால் அது யார் வினை? இந்த நோய்க்குப் பெயர் வைத்த வரலாறே அடுத்தவன் தலையில் கட்டிய வரலாறுதான். இத்தாலியர்கள் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள், ஐரோப்பியரைப் பறங்கி என்றழைத்த நம் மொழியில் பறங்கிப்புண் ஆனது. நீங்கள் ‘பாலுறவு வழித் தொற்று’ என்று சொல்லுங்கள். நோய் என்றால் வெளியே தெரிய வேண்டும் என்று தோன்றும். தொற்று தெரியாமலும் இருக்கும்.

காத்திருப்பது நல்லது, வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு என்பதைச் சொல்லுங்கள், அழுத்தமாகவே சொல்லுங்கள். ஆனால் காத்திருக்காத பிள்ளையும் உங்கள் மாணவன்தான். அவனுக்கும் பாடம் வேண்டும். ஆணுறையின் காலாவதித் தேதி, பல்லால் கிழிக்கக் கூடாது, எண்ணெய் பட்டால் அதன் லேடெக்ஸ் ரப்பர் பலவீனமாகும், ஒவ்வொரு முறையும் புதிது, தொடக்கத்திலிருந்து கடைசி வரை. ஹெர்பிஸ், எச்.பி.வி. போலத் தோலோடு தோல் பட்டுப் பரவுவதை ஆணுறை முழுக்கத் தடுக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒருவருக்குத் தொற்று இருந்தால் துணைக்கும் சிகிச்சை வேண்டும், இல்லாவிட்டால் குணமானவருக்கே திரும்ப வரும். எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கலாம், 28 நாள் சாப்பிட வேண்டும். படத்தைப் பார்த்து மிரண்ட பிள்ளை அந்த 72 மணி நேரத்தையும் போர்வைக்குள் சுருண்டு படுத்தே கழித்துவிடும் அம்மா. அதுதான் என் கவலை.

நண்பனிடம் கேட்டேன், ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டபோது மட்டும் எப்படிப் போனாய் என்று. அங்கே இருந்த அம்மா கதவைச் சாத்திவிட்டு, ‘உட்காருங்க தம்பி, தண்ணி குடிக்கிறீங்களா?’ என்றுதான் ஆரம்பித்தாராம். நாற்பது வருஷம் ஆகிவிட்டது. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது என்றான்.

வகுப்பின் கடைசியில் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சீட்டு கொடுங்கள். கேள்வி இருப்பவர்கள் கேள்வி எழுதட்டும், இல்லாதவர்கள் இன்றைய பாடத்தில் ஒரு வரி எழுதட்டும். எல்லோர் பேனாவும் ஓடினால் யார் கேட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெயர் வேண்டாம். அந்தச் சீட்டுகளில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.