வாசகர் கேள்வி – பதில்: படம் இருக்கிறது, விவரம் எங்கே?

கேள்வி: அறுபது பேரின் மூளை எம்.ஆர்.ஐ. படங்களை ஹார்டு டிஸ்கிலும், அவர்களுடைய வயது, நினைவாற்றல் மதிப்பெண் முதலியவற்றை எக்செல் கோப்பிலும் வைத்திருக்கிறேன். இவற்றுக்கென்று தனியே ஒரு தரவுத்தளம் வேண்டும் என்கிறார் என் நெறியாளர். அவசியம்தானா?
– ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: அவசியம்தான், ஆனால் இடப் பற்றாக்குறை அதற்குக் காரணம் அன்று. 256 × 256 புள்ளிகள் கொண்ட 176 வெட்டுகளாக எடுக்கப்படும் ஒரு முழு மூளைப் படம், சுருக்காமல் வைத்தாலும் ஏறத்தாழ 23 மெகாபைட்தான்; மூளையின் அமைப்பைக் காட்டும் இத்தகைய வடிவப் படங்கள் அறுபது பேருடையவையும் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பதினேழாம் நபர் தலையை அசைத்துவிட்டதால் மறுபடி படம் எடுத்திருப்பீர்கள்; ஃபோல்டரில் இரண்டும் இருக்கும்; எது தேறியது என்பதை அறிந்தவர் வேலை கிடைத்துப் போயிருப்பார். எக்செல்லில் வயதுப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் ஒருவருடைய வயது இன்னொருவருடைய மூளைக்குப் போய்விடும். எச்சரிக்கைப் பெட்டி வரத்தான் செய்யும், அதைப் படிக்காமல் ஓகே கொடுப்பவர்களே நம்மில் அதிகம்.

அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான எக்ஸ்நாட் என்னும் இலவச மென்பொருள் இதற்கென்றே அமைந்தது. திட்டம், அதில் பங்கேற்கும் நபர், அவர் வந்துபோன ஒவ்வொரு அமர்வு, அந்த அமர்வில் எடுத்த ஒவ்வொரு ஸ்கேன் என்று அது படிப்படியாகப் பிரித்து வைக்கிறது. படங்கள் வட்டில் கோப்புகளாகவே இருக்க, அவற்றைப் பற்றிய விவரங்கள் மட்டும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பதிவாகின்றன. புதிதாக வரும் படங்களை, வந்தவரைத் திண்ணையில் உட்காரவைத்து விசாரிப்பது போல, முன்காப்பகம் என்ற பகுதியில் நிறுத்தி, நபரின் எண்ணும் திட்டமும் சரிபார்க்கப்பட்ட பிறகே உள்ளே சேர்க்கலாம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ‘பயன்படும்’, ‘ஐயத்துக்குரியது’, ‘பயன்படாது’ என்று தரம் குறிக்க முடியும் என்பதால், அசைந்த படத்தை அழிக்கவும் வேண்டாம், அதைத் தெரியாமல் கணக்கில் சேர்த்துவிடுவோமோ என்று அஞ்சவும் வேண்டாம்.

எக்ஸ்நாட் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியான 2007-ஆம் ஆண்டிலேயே, அந்தக் குழுவினர் ஒயாசிஸ் என்ற பெயரில் 18 முதல் 96 வயது வரையுள்ள 416 பேரின் படங்களைப் பொதுவில் வெளியிட்டனர். அவர்களுள் மறதிநோய் இல்லாத 20 பேர் 90 நாள்களுக்குள் மீண்டும் படம் எடுத்துக்கொண்டவர்கள். ஒருவருக்கு ஒரு வரி என்று அமைந்த எக்செல் தாளில் இந்த இரண்டாம் வருகையை எங்கே எழுதுவது? பக்கத்தில் புதுப் பத்திகளைச் சேர்ப்பீர்கள். மூன்றாம் வருகையில் தாளே குழம்பிவிடும். நபரையும் அமர்வையும் வெவ்வேறாக வைக்கும் தரவுத்தளத்தில் அது இன்னொரு பதிவு, அவ்வளவே.

கேள்வி: படங்களிலிருந்து நோயாளியின் பெயரை நீக்கிவிட்டால் பிறருக்குத் தரலாமா?
– மருத்துவ மாணவர், மதுரை

பதில்: பெயரை மட்டும் நீக்கினால் போதாது. மருத்துவப் படங்களைச் சேமிக்க 1993 முதல் வழக்கிலுள்ள டைகாம் முறையில், பெயர், பிறந்த நாள், மருத்துவமனை எண் ஆகியவை படத்தோடு சேர்ந்தே, பெரும்பாலும் ஒவ்வொரு வெட்டின் கோப்பிலும், எழுதப்பட்டிருக்கும். அத்தனையையும் துடைத்த பிறகும் முகம் எஞ்சும். தலை முழுவதும் பதிவாவதால் மூக்கும் நெற்றியும் தாடையும் அந்தப் படத்திலேயே இருக்கின்றன. அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 84 தன்னார்வலரின் எம்.ஆர்.ஐ.யிலிருந்து முகங்களை உருவாக்கி, முகமறியும் மென்பொருளிடம் அவர்களுடைய புகைப்படங்களோடு கொடுத்தபோது, அது 70 பேரைச் சரியாக அடையாளம் காட்டியது என்று 2019-இல் வெளியிட்டனர். ஆகவே முகப் பகுதியை நீக்கும் மென்பொருளில் செலுத்தி, மூளை வெட்டுப்படவில்லை என்று ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்த பிறகே தாருங்கள். பெயருக்குப் பதிலாக இடும் எண்களுள் எது யாருடையது என்ற பட்டியல், படங்கள் உள்ள தரவுத்தளத்தில் இருக்கவே கூடாது. பங்கேற்பாளரின் ஒப்புதல் படிவம் பகிர்வதற்கு இடம் தருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களிடம் இருபது பேரின் படங்களே உள்ளன; எக்ஸ்நாட் போன்றவற்றுக்கான சர்வரைப் பராமரிக்க ஆளும் இல்லை. என்ன செய்வது?
– விரிவுரையாளர், திருநெல்வேலி

பதில்: சர்வர் வேண்டாம். 2016-இல் வெளியான பிட்ஸ் என்னும் கோப்பு ஒழுங்கைப் பின்பற்றுங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணிட்ட ஃபோல்டர், அதனுள் வடிவப் படத்துக்கு ஒன்றும் மூளை இயங்குவதைக் காட்டும் செயல்பாட்டுப் படத்துக்கு ஒன்றுமாக உள் ஃபோல்டர்கள், பங்கேற்பாளர் விவரங்களுக்கு ஒரு எளிய அட்டவணை என்பதே அதன் சாரம். இரண்டாவது பிரதியை மட்டும் வேறு கட்டடத்தில் வையுங்கள். ஒரே மேசை இழுப்பறையில் இரண்டு ஹார்டு டிஸ்குகளை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.