டீச்சருக்கு ஒரு நினைவு மலர்

அன்புள்ள ஐயா,

எங்கள் டீச்சர் சென்ற மாதம் மன்னார்குடியில் காலமானார். 1976 முதல் அறிவியல் ஆசிரியை. 2009இல், 58 வயதில் ஓய்வு பெற்றதும் அதே பள்ளி அவரை மாணவர் ஆலோசகராக வைத்துக்கொண்டது. 2019 வரை இருந்தார். ப்ளஸ் டூ ரிசல்ட் அன்று பள்ளியே இனிப்பு கொடுத்துக்கொண்டிருக்கும். அவர் ஃபெயிலானவர்களின் விலாசத்தோடு டவுன் பஸ் ஏறிவிடுவார். முதலாண்டு நினைவுக்கு மலர் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எழுதிப் பார்த்தால் சர்வீஸ் புத்தகம் மாதிரி இருக்கிறது. அவர் செய்ததில் பெரும்பகுதி அந்தச் சின்ன ஆலோசனை அறைக்குள். அதை எப்படி எழுதுவது?

ம., நீடாமங்கலம்

அன்புள்ள ம.,

அறைக்குள் பேசியதை எழுத வேண்டாம். யார் எதற்கு அழுதார்கள் என்பது டீச்சருக்கே சொந்தமில்லை, நமக்கு எப்படிச் சொந்தமாகும்? பெயரை மாற்றினாலும் நம் பக்கத்து ஊர்களில் 'அப்பா திருப்பூரில், அம்மா இல்லை' என்று இரண்டு விவரம் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அன்று அழுத பெண்ணுக்கு இப்போது மாமியார் வேறு இருப்பார்.

வெளியே நடந்ததை எழுதுங்கள். நீங்கள் போகிறபோக்கில் சொன்ன டவுன் பஸ்ஸை நான் விடமாட்டேன். மாநில ரேங்க் அறிவிப்பதை 2017இல்தான் நிறுத்தினார்கள். அதுவரை ரிசல்ட் என்றால் முதல் மூன்று இடம், பேப்பரில் போட்டோ, வாயில் லட்டு. அந்த வருடங்களில் எதிர்ப்பக்கமாகப் போனவர் அவர். எந்த ஸ்டாப்பில் இறங்கினார், வரப்பில் எவ்வளவு தூரம் நடந்தார், வாசலில் நின்று முதலில் என்ன பேசினார், துணைத் தேர்வுக்குப் பணம் கட்ட வைத்தாரா? அந்த வீட்டுக்காரர்களிடம் கேளுங்கள். சொல்லப் பிரியப்படாதவர்களை விட்டுவிடுங்கள்.

அப்புறம் தண்ணீர். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. ஆலோசகராக அவர் இருந்த காலத்தில் பெரும்பகுதி இதுதான். ஆற்றுத் தண்ணீரை நம்பிய வீட்டில் குறுவை போனால் அப்பா வேலை தேடிக் கிளம்புவார், பிள்ளை பாட்டியிடம் இருக்கும், வகுப்பில் தூங்கும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வந்தது. அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரம். கூரை ஓடுகளும் தென்னை மரங்களும் போன வீட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த வாரங்களில் பள்ளி என்ன செய்தது, டீச்சர் என்ன செய்தார் என்று கூட வேலை பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். பாராட்டுப் பத்திரங்களுக்குக் கால் பக்கம் போதும்.

ஒன்று உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். 1976இல் வேலைக்குச் சேர்ந்த அறிவியல் ஆசிரியை பிரம்பைத் தொட்டதே இல்லை என்றால் நான் நம்பமாட்டேன். அடி வாங்கியவர்கள் உங்கள் பழைய மாணவர்களில் இருந்தால் அவர்களை முதலில் பாருங்கள். பிரம்பை வைத்திருந்தவர் எப்போது, எதனால் கீழே வைத்தார்? பிள்ளைகள் தாமாகவே தேடி வருகிற ஆளாக எப்படி ஆனார்? எனக்கு இந்த 33 வருடம்தான், பின்னால் வந்த பத்தைவிட, படிக்க ஆசையாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏணி, மெழுகுவத்தி என்று ஆரம்பித்தால் டீச்சர் போய் ஆசிரியர் தினப் பேச்சு வந்துவிடும்.

தன் கதையைத் தானே சொல்ல விரும்பும் மாணவர் இருந்தால் அவரே சொந்தப் பெயரில் எழுதட்டும். நீங்கள் வற்புறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்தவர் அச்சுக்குப் போகும் வரை திரும்பப் பெறலாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

டீச்சர் வீட்டில் அந்த அறைக் குறிப்பேடுகள் ஏதாவது கிடைத்தால், மலருக்கு உதவும் என்று நினைத்துப் புரட்ட வேண்டாம். வீட்டாரிடம் சொல்லிக் கொளுத்திவிடச் சொல்லுங்கள்.