உள்ளே மேடு, கேட் பாதியில் இடிக்கிறது: வெல்டர் சொல்வதுபோல் அடியை வெட்டலாமா?

வெட்ட வேண்டாம். வெல்டர் சொன்னபடி அடியில் ஆறு அங்குலம் எடுத்தால், சாத்தியிருக்கும்போது தெருநாய் நுழைய வழி கிடைக்கும். வாசலுக்கு வெளியே உங்கள் இடம் இருந்தால், கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்க வையுங்கள். பள்ளத்தை நோக்கித் திறக்கும் கதவுக்கு இடிக்க மண் ஏது?

அளவெடுத்தவர் கேட் சாத்திய நிலையை மட்டும் பார்த்திருப்பார். 10 அடிக்கு 1 அடி ஏறும் தரையில், 6 அடிக் கதவை முழுசாகத் திறந்தால் நுனியில் தரை 7 அங்குலத்துக்கு மேல் ஏறியிருக்கும்.

கதவைக் கழற்றும் முன் ஒன்று செய்யுங்கள். கீல் தூணில், கதவின் அடிமட்டத்தில் ஒரு நூலைக் கட்டி, கதவின் நீளத்துக்கு இழுத்து, ரசமட்டம் பார்த்துப் பிடியுங்கள். அப்படியே கதவு சுற்றும் வழியில் நகர்த்துங்கள். நூல் மண்ணைத் தொடும் இடம்தான் வில்லன்.

வெளியே நேராகத் தெரு என்றால் வெளிப்பக்கம் திறப்பது சரிவராது, போகிற வண்டியில் கதவு படும். அப்போது ஸ்லைடிங் கேட்தான். கேட்டை அடுத்த சுவரை ஒட்டி கதவு நீளத்துக்கு இடம் வேண்டும். திறக்கத் திறக்க மேலேறும் கீலும் கிடைக்கிறது. கனமான இரும்புக் கேட்டுக்கு நான் போட மாட்டேன், கையை விட்டால் தானாக அடித்துச் சாத்தும்.