வலி வர விளக்கெண்ணெய் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு இது முதல் பிரசவம். 39 வாரம் முடிந்து நான்கு நாட்களாகியும் வலி வரவில்லை. விளக்கெண்ணெய் குடித்தாலும், அன்னாசிப்பழம் சாப்பிட்டாலும் வலி வந்துவிடும் என்கிறார்கள். மருந்தில்லாமல் இயற்கையாகவே வலியை வரவழைக்கலாமா?

பதில்: உங்களுக்கு இன்னும் நாள் கடந்துவிடவில்லை. ஸ்கேன் அறிக்கையில் குறித்திருப்பது 40 வாரம் நிறைவடையும் நாளே தவிர, குழந்தை பிறந்தே தீர வேண்டிய நாள் அல்ல. நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேருக்குத்தான் சரியாக அன்றைக்குப் பிரசவமாகிறது, முதல் பிரசவத்தில் சில நாட்கள் தள்ளிப்போவது மிகச் சாதாரணம்.

விளக்கெண்ணெயைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதிலிருந்து உண்டாகும் ரிசினோலிக் அமிலம் குடலை முறுக்கிப் பேதியாக்குவதோடு கருப்பைத் தசையையும் தூண்டக்கூடியது என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு தூண்டும் என்பது குடித்தவர் கையிலும் இல்லை, மருத்துவர் கையிலும் இல்லை. பிரசவ வலி விட்டுவிட்டு வர வேண்டும். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே கருப்பை தளரும்போதுதான் நஞ்சுக்கொடிக்கு இரத்தம் தாராளமாகப் பாய்ந்து குழந்தைக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்கிறது. அந்த இடைவெளி சுருங்கினால் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கக்கூடும். மருத்துவமனையில் வலியைத் தூண்டும் ஹார்மோனான ஆக்சிடோசினை ட்ரிப்பாக ஏற்றும்போது குழந்தையின் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருப்போம். சிக்கல் தெரிந்தால் உடனே நிறுத்துவோம், சில நிமிடங்களில் அதன் வேகம் தணியத் தொடங்கும். குடித்துவிட்ட எண்ணெயை யாரும் நிறுத்த முடியாது.

ஒரு நாள் விடியற்காலையில் என்னிடம் வந்த கர்ப்பிணி, இரவெல்லாம் வாந்தியும் பேதியுமாக, உதடு வறண்டு, நாடி படபடக்க, இருவர் கைத்தாங்கலில் நடந்து வந்தார். கருப்பை வாய் சிறிதும் திறந்திருக்கவில்லை. பிரசவத்துக்கென்று வைத்திருக்க வேண்டிய தெம்பு முழுவதையும் அவர் கழிப்பறையிலேயே இழந்திருந்தார்.

அன்னாசிப்பழத்தைப் பழமாகச் சாப்பிடலாம், ஆனால் அது வலியை வரவழைக்காது. பேரீச்சம்பழம் கருப்பை வாய் இளக உதவலாம் என்று சில சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. சர்க்கரை நோய் இல்லாவிட்டால் அளவோடு உண்பதில் தவறில்லை. மூலிகை மாத்திரைகளையோ கஷாயங்களையோ கேட்காமல் எடுக்காதீர்கள். ப்ளூ கோஹோஷ் என்ற மூலிகையைத் தாய் உட்கொண்ட பின் பிறந்த குழந்தைக்கு இதயச் செயலிழப்பு நேர்ந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மார்புக் காம்பைத் தூண்டினால் உடலிலேயே ஆக்சிடோசின் சுரக்கும். கருப்பை வாய் ஏற்கெனவே இளகியவர்களுக்கு அது பலன் தரலாம் என்றாலும், கருப்பையை அளவுக்கு மீறி இறுகச் செய்யவும் கூடும் என்பதால், உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர் சம்மதித்தால் மட்டுமே செய்யுங்கள். முன்பு சிசேரியன் ஆனவர்கள் இவற்றில் எதையும் தாமாக முயலவே கூடாது, பழைய தையல் விட்டுக் கருப்பை கிழியும் ஆபத்து அவர்களுக்கு உண்டு.

அடுத்த பரிசோதனையில் கருப்பை வாய் சற்றுத் திறந்திருந்தால், வலி தொடங்க உதவும்படி பனிக்குடச் சவ்வை உடைக்காமல் கருப்பைச் சுவரிலிருந்து விரலால் விலக்கிவிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 41 வாரம் ஆகியும் வலி வராவிட்டால், மருத்துவமனையில் வலியை வரவழைப்பது பற்றி அவரே பேசுவார், ஏனென்றால் 42 வாரத்தைத் தாண்டும்போது குழந்தைக்கு ஆபத்து கூடுகிறது. அதுவரை நடங்கள், நன்றாக உறங்குங்கள், குழந்தையின் அசைவைக் கவனியுங்கள். அசைவு குறைந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ, காலையில் பார்க்கலாம் என்று காத்திராமல் அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.