பள்ளிக்கூடத்தில் பம்ப்: ஒன்ராறியோ பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மகளுக்கு 9 வயது, தொய்வு (ஆஸ்துமா) இருக்கிறது. மருந்து இழுக்கும் பம்பை (இன்ஹேலரை) அலுவலகத்தில் தந்துவிடுங்கள், தேவையென்றால் வந்து எடுக்கலாம் என்கிறார் ஆசிரியை. இதுதான் சட்டமா அக்கா?

பதில்: இல்லை, நேர்மாறு. 2015 இல் வந்த ரயன் சட்டத்தின்படி, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெற்றோர் அனுமதி கொடுத்தால் போதும், பம்பைத் தன்னோடு வைத்திருக்க அதிபர் விடத்தான் வேண்டும். 2012 இல் ரயன் என்ற 12 வயதுச் சிறுவன் பள்ளிக்கூடத்தில் இழுப்பு வந்து இறந்துபோனான், அவனுடைய பம்ப் அலுவலகத்தில் பூட்டிக் கிடந்தது, அவன் தாய் விடாமல் போராடித்தான் இந்தச் சட்டமே வந்தது. மைதானத்தின் அந்தக் கோடியில் முட்டு வந்தால் பிள்ளை கட்டடத்துக்கு ஓடி, படியேறி, அலுவலகத்தில் ஆள் இருக்கிறதா என்று தேட வேண்டும். மூச்சு விட முடியாத பிள்ளையை ஓட வைப்பது என்ன நியாயம்? ஆசிரியையோடு சண்டை வேண்டாம், பலருக்கு இது தெரியாது. கையெழுத்திட்ட கடிதத்தை அதிபரிடமே கொடுத்து, மகளின் தொய்வுக்கென்று தனித் திட்டம் எழுதச் சொல்லுங்கள், அதுவும் சட்டத்தில் இருக்கிறது. அலுவலகத்தில் வைக்க இரண்டாவது பம்ப் கொடுங்கள், முதலாவது அவளிடமே இருக்கட்டும்.

கேள்வி: என் மகனுக்கு 5 வயதுதான். தானாக அடிக்கத் தெரியாதே?

பதில்: சரி, அவனுக்குப் பெரியவர்தான் கொடுக்க வேண்டும். ஆனாலும் பம்பும் மாஸ்க் வைத்த ஸ்பேசரும் (பம்பில் மாட்டும் குழாய்) அவன் போகும் இடமெல்லாம் ஒரு சின்னப் பையில் கூடவே போகட்டும். குலுக்கி, ஒரு அடி அடித்து, மாஸ்க்கை எடுக்காமல் ஆறு மூச்சு. அரை நிமிடம் விட்டு, திரும்பவும் குலுக்கி அடுத்தது. ஆசிரியைக்கு நீங்களே ஒருதடவை செய்து காட்டுங்கள். நல்லெண்ணத்தோடு மருந்து கொடுக்கும் ஊழியருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, பயப்படத் தேவையில்லை என்றும் சொல்லுங்கள்.

கேள்வி: மகனுக்கு 13 வயது. வெட்கப்பட்டு, கழிவறைக்குள் போய் ஒளித்து அடிக்கிறானாம்.

பதில்: இதுதான் எனக்கு மிகவும் பயம். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே மயங்கி விழுந்தால் யாருக்குத் தெரியும்? ஏசாதீர்கள். ஒரேயொரு நண்பனுக்காவது சொல்லி வைக்கச் சொல்லுங்கள், இழுப்பு வந்தால் அவன் பக்கத்தில் நிற்கட்டும். அப்புறம், இழுப்பு வரும்போது உடனே அடிக்கும் நீலப் பம்ப் வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்படுகிறதென்றால் தொய்வு கட்டுப்பாட்டில் இல்லை, வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

கேள்வி: பம்பில் மருந்து முடிந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? குலுக்கினால் சத்தம் கேட்கிறது.

பதில்: குலுக்கிப் பார்ப்பதை நம்பவே வேண்டாம். மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே வாயு இருக்கும், அடித்தால் புகையும் வரும். எண்காட்டி இருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் அடித்த கணக்கை எழுதி வையுங்கள். வழக்கமான நீலப் பம்பில் 200 அடி. காலாவதித் திகதியையும் பாருங்கள், அதுவும் செப்டெம்பருக்கு முன்னால். பள்ளிக்கூடம் திறந்து தடிமன் பரவும் அந்த மாதத்தில்தான் பிள்ளைகள் அதிகமாக இழுப்போடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

கேள்வி: எப்போது 911 அடிப்பது?

பதில்: பம்ப் அடித்தும் 5 முதல் 10 நிமிடத்தில் இழுப்பு இறங்கவில்லையென்றால். பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ அந்த நிமிடமே. அம்புலன்ஸ் வரும்வரை பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்துப் பம்பைத் தொடர்ந்து கொடுங்கள், தனியே விடாதீர்கள். பெற்றோரைக் கூப்பிடுவது அதற்குப் பிறகு.