காலேஜ்ல பாலியல் கல்வி நடத்த நம்ம ஊர் ஆராய்ச்சி எதுக்கு?

பாலியல் கல்வின்னா உடலுறவு மட்டும் இல்லங்க, உடம்பு, சம்மதம், உறவு, பயம், நோய் எல்லாம் சேந்ததுதான். இதுல ஆண்களோட பாலியல் பழக்கங்கள பத்தி அமெரிக்க ஆராய்ச்சியாளர் கின்சி 1948ல வெளியிட்ட ஆய்வத்தான் பெருசா சொல்லுவாங்க, ஆனா அது பெரும்பாலும் வெள்ளைக்கார அமெரிக்கர்கள்கிட்ட கேட்டு எடுத்தது, அத மட்டும் வச்சு இங்க பாடம் நடத்துறது லண்டன் வானிலைய பாத்துட்டு மதுரைல குடை எடுக்குற மாதிரி. நம்ம பசங்களோட பயமே வேற. விந்து வெளியேறினா உடம்பே போச்சுன்னு எத்தன பேர் தூங்காம தவிக்கிறாங்க, போலி வைத்தியர்கிட்ட காச கொட்டுறாங்க, இந்த பயத்துக்கு நம்ம நாட்டு மனநல மருத்துவர் விக் 1960லயே தாத் சிண்ட்ரோம்னு பேர் வச்சிட்டாரு. பயம் மட்டுமில்ல, விவரமும் பலருக்கு தெரியல: தேசிய குடும்பநல ஆய்வுல (2019-21) எச்ஐவி பத்தி முழுசா தெரிஞ்ச பெண்கள் சுமார் 22 சதவீதம்தான், ஆண்கள் 31.

சொல்லிக்குடுத்தா பசங்க கெட்டுப்போவாங்கன்னு நினைக்காதீங்க, பல நாட்டு ஆய்வுகள அலசின யுனெஸ்கோ 2018ல இந்த கல்வியால பசங்க பாலுறவுல ஈடுபடுறதோ ஆபத்தான நடத்தையோ அதிகமாகலன்னுதான் சொல்லிருக்கு.